துச்சிலும் புக்கிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாம் ஆண்டு விழா மேடைக்கு உரிய பொருள்கள் எத்தனையோ உள. காதல் உண்டு, வீரம் உண்டு, பாலாற்றின் துயரம் உண்டு. இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருளோ மேடைக்கு அதிகம் ஏறாதது. அது வாடகை வீடு. அதிலும், பெருநகரத்துத் தெரு ஒன்றில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை என்று அமைந்த சிறு வீடு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் முதலிய தோல் தொழில் ஊர்களிலிருந்து சென்னைக்குப் பிழைக்கச் செல்லும் இளம் குடும்பம் முதன்முதலில் தேடுவது இவ்வீட்டைத்தான். அவ்வீட்டின் வாயிலில் கேட்கப்படும் வினாக்கள் சிலவற்றைத் தமிழிலக்கியத்தின் துணைகொண்டு எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சொல் காட்டும் வாழ்வு

திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறள், 340ஆவது குறள், இருவகை இல்லங்களைக் குறிக்கும் இரு சொற்களைத் தருகிறது. ஒன்று புக்கில், மற்றொன்று துச்சில். புகுந்தபின் நிலையாக வாழும் இல் புக்கில். ஒதுங்கியிருக்கும் இடம் துச்சில். உயிரை உடம்பில் ஒதுங்கியிருக்கும் குடித்தனக்காரனாகக் காண்கிறார் வள்ளுவர். நிலையான இல் அதற்கு இன்னும் வாய்க்கவில்லையோ என்று வினவுகிறார்.

இக்குறளுக்கு மெய்யியல் விளக்கம் கூறியோர் பலர். அதன் அடியில் கிடக்கும் உலகியல் செய்தியை நோக்கியோர் சிலரே. சொந்த இல்லம் இன்றிப் பிறர் இல்லத்தில் ஒதுங்கி வாழ்வோரின் மனநிலையைக் கேட்போர் அறிந்திருந்தால்தானே அவ்வுவமை அவர்தம் நெஞ்சில் தைக்கும்? அத்தகைய மாந்தர் அக்காலத்தும் இருந்தனர் என்பதும், அவர்தம் நிலை இரங்கத்தக்கதாகக் கருதப்பட்டது என்பதும் இதனால் பெறப்படும்.

துச்சில் என்னும் சொல் வழக்கொழிந்தது, பொருள் ஒழியவில்லை. சென்னையில் வழங்கும் ‘ஒண்டுக்குடித்தனம்’ என்னும் சொல்லை நோக்குக. ஒண்டுதலாவது ஒட்டி ஒதுங்கி நிற்றல். மழைக்குத் திண்ணையோரம் ஒண்டுகிறோம். அதே வினையைக் குடித்தனத்தோடு சேர்த்த பொதுமக்கள், வள்ளுவர் கண்ட காட்சியையே தம் சொல்லால் மீண்டும் வரைந்திருக்கின்றனர். ‘குடிக்கூலி’ என்பது மற்றொரு சொல். உழைப்புக்குக் கூலி பெறுகிறோம்; குடியிருப்புக்குக் கூலி தருகிறோம். நம் பகுதியில் பெருவழக்காக உள்ள ‘போக்கியம்’ இன்னொரு முறை. குடிவருவோர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுப்பர். மாத வாடகை இல்லை. வீட்டுக்காரர் அத்தொகைக்கு வட்டி தருவதில்லை. காலம் முடிந்ததும் தொகையும் வீடும் கைமாறும். பணமுடையுள்ள வீட்டுக்காரரும் மாதந்தோறும் வாடகை கட்ட அஞ்சும் குடித்தனக்காரரும் ஒருவர்க்கொருவர் துணையாகும் ஏற்பாடு அது. இச்சொற்களையெல்லாம் அடுக்கிவைத்தால் குடியிருப்பு வரலாறு ஒன்றே விரியும்.

மாதரியின் சிற்றில்

தமிழிலக்கியத்தில் வெளியூரிலிருந்து நகரத்துக்கு வந்து தங்க இடம் தேடிய இணையர் யாவர் என்று வினவினால், கோவலனும் கண்ணகியும் என்பதே விடை. பொருளிழந்து, புகார் விட்டு, நெடுவழி நடந்து மதுரையை அடைந்தவர்கள் அவர்கள். அந்நகரில் அவர்களுக்கு உறவில்லை. கவுந்தியடிகள் ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார்.

மாதரி செய்தவற்றைக் கொலைக்களக் காதை நிரல்படக் கூறுகிறது. செம்மண் பூசிய, காவலமைந்த சிற்றில் ஒன்றில் அவர்களைத் தனியே குடியமர்த்துகிறாள். கோவலன் சமண நெறியில் நோன்பு பூண்ட இல்லறத்தான் என்பது அவளுக்குத் தெரிகிறது. அதனால் அவர்கள் தாமே சமைத்துக்கொள்ளத் தக்க நல்ல கலங்களை விரைந்து கொடுக்கச் செய்கிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, தன் ஆக்கள் தந்த பால்பயன் ஆகியவற்றை அளிக்கிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு நிறுத்துகிறாள்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ‘இவர்கள் என்ன உண்பவர்கள்?’ என்னும் வினா மாதரியின் உள்ளத்திலும் எழுந்தது. அவ்வினா அவளை எவ்வழியில் செலுத்தியது என்பதே செய்தி. அவர்தம் உணவு வேறு என்று அறிந்ததும் புதுக் கலங்களைத் தேடினாள், கதவைத் தேடவில்லை. ஒரே வினா வீட்டைத் திறக்கவும் கூடும், அடைக்கவும் கூடும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. தன் அடைக்கலப் பொருளைக் காக்க இயலாது போனமைக்கு வருந்தி மாதரி எரியில் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறுகிறான். தன் இல்லில் குடியிருந்தோருக்காக உயிர் நீத்த வீட்டுக்காரி அவள். அவ்வளவு பெரிய அன்பை இன்று எவரும் எதிர்பார்க்கவில்லை. கலம் தந்த அந்தச் சிறு செயலேனும் நினைவில் நிற்றல் வேண்டும்.

வேலூர்த் தெருக்களில்

மாதரியின் மரபு முற்றிலும் அற்றுப்போகவில்லை என்பதற்கு வேலூரே சான்று கூறும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது. அதனைச் சுற்றியுள்ள தெருக்களின் வாழ்வையும் அது மாற்றியது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா எனப் பல மாநிலத்தாரும், எல்லை கடந்து வங்கதேசத்தாரும் நோயாளிகளோடு இங்கு வருகின்றனர். சிகிச்சை சில நாளில் முடிவதில்லை, வாரக்கணக்கில் நீளும். ஆகவே காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் ஆகிய இடங்களில் அடுப்பும் பாத்திரமும் சேர்த்து அறைகளை நாள் வாடகைக்கு விடும் வழக்கம் வேரூன்றியது. கடைப்பலகைகளில் வங்காள எழுத்து ஏறியது. மீனும் கடுகெண்ணெயும் கடைகளுக்கு வந்தன. தமிழன்றி வேறு மொழி அறியாத மூதாட்டியும் விருந்தினரோடு வங்காளத்தில் வாடகை பேசக் கற்றுக்கொண்டார்.

அவ்வறைகளின் வாயிலில் கேட்கப்படுபவை எவை? எத்தனை நாள்? எத்தனை பேர்? அடையாளச் சீட்டு உண்டா? நோயாளி யார்? அவ்வளவே. சாதி என்ன, சமயம் என்ன, அடுப்பில் ஏறுவது மீனா கீரையா என்ற ஆய்வு பெரும்பாலும் இல்லை. நோய் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது என்று கூறலாம். எனினும் வேறொரு காரணமும் உண்டு. வருவோர் போய்விடுவர் என்ற உறுதி அது. போகிறவருக்கு இடம் தர எவரும் அஞ்சுவதில்லை. தங்குவோருக்கு இடம் தரும்போதே அச்சம் தலைதூக்குகிறது. துச்சில் துச்சிலாகவே இருக்கும்வரை கதவு அகலத் திறந்திருக்கிறது. அது புக்கிலாக மாறிவிடுமோ என்ற ஐயம் எழுந்ததும் கதவு ஒருக்களிக்கிறது.

தோலும் தொடர்வண்டியும்

தோல் ஊர்களுக்கும் சென்னைக்கும் உள்ள உறவு புதியதன்று. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டனுக்குச் சென்ற காலந்தொட்டே அவ்வுறவு உண்டு. சென்னையில் பெரியமேடு தோல் வணிகத்தின் நடுவிடமாயிற்று. மூர் மார்க்கெட் பக்கமும் வேப்பேரிப் பக்கமும் நடந்தால் தோல் மண்டிகளும், ஏற்றுமதி அலுவலகங்களும், காலணிப் பொருள் கடைகளும் நெருங்கி நிற்கும். விடியுமுன் ஜோலார்பேட்டையில் புறப்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி வழியாகச் சென்னை சென்று, மாலையில் திரும்பும் ஏலகிரி விரைவு வண்டி அவ்வுறவின் அன்றாட வடிவம். ஆம்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். தூக்கத்தை விற்று அத்தொலைவை நாள்தோறும் கடந்தோர் உண்டு.

1970களில் நேர்ந்த மாற்றம் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வது நாட்டுக்கு இழப்பு என்று 1972இல் சீதாராமையா குழு அறிவுறுத்தியது. அதன்பின் அரசு கொணர்ந்த கட்டுப்பாடுகளால் முழுதும் பதனிட்ட தோலுக்கும், பிறகு காலணிக்கும் தொழில் நகர்ந்தது. பதனிடும் தொட்டிகளில் பெரும்பாலும் ஆடவர் நின்றனர். காலணியின் மேற்பகுதி தைக்கும் பொறிகளுக்கு முன் பெண்கள் அமர்ந்தனர். சுற்றுச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி வண்டிகளில் ஏறும் அப்பெண்களின் சம்பளத்தால் ஒரு தலைமுறை பள்ளிக்குச் சென்றது, கல்லூரிக்கும் சென்றது.

அதற்குக் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. பாலாறு கெட்டது, கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நிலத்தின் துயரிலிருந்து வலுப்பெற்றது. நீர் கெட்ட ஊரில் படித்த பிள்ளைகள் வெளியே வேலை தேடியதில் வியப்பில்லை. அவர்கள் இன்று சென்னையில் கணிப்பொறி நிறுவனங்களிலும், மருத்துவமனைகளிலும், ஏற்றுமதி அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். அவர்களுக்கு நாள்தோறும் ஏலகிரி வண்டி ஒத்துவராது. அவர்களுக்கு வேண்டுவது ஒரு வீடு.

ஒரு வீடு, பல வினாக்கள்

இரண்டு இளைஞர்களை நினைத்துக்கொள்வோம். ஒருவர் ஆம்பூர் இசுலாமியர். மற்றவர் பேரணாம்பட்டை அடுத்த காலனியில் பிறந்தவர். இருவருக்கும் அண்மையில் திருமணம் ஆகியிருக்கிறது. இருவரும் தேடுவது ஒற்றைப் படுக்கையறை வீடு. இம்மாந்தர் கற்பனையே, அவர்கள் எதிர்கொள்ளும் வினாக்கள் கற்பனையல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வாடகை 12,000 ரூபாய் என்று கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத முன்பணம் 1,20,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 12,000. முதல் மாத வாடகை 12,000. ஆக, சாவி கையில் வருமுன் 1,44,000 ரூபாய் வேண்டும். இத்தொகைக்காக ஊரில் தாயின் வளையல் அடகுக் கடைக்குச் செல்லும். பொறிமுன் குனிந்து தைத்துச் சேர்த்த வளையல் அது. பணம் ஒருவாறு திரண்டபின் தரகர் ஓர் அறிவுரை கூறுகிறார்: “சார், தோல் கம்பெனின்னு சொல்லாதீங்க. எக்ஸ்போர்ட்னு சொல்லுங்க.” நாற்றம் தோலில் இல்லை; சொல்லில் இருக்கிறது என்பதைத் தரகர் அறிந்திருக்கிறார்.

மாடி வீட்டில் ‘டு-லெட்’ பலகை தொங்குகிறது. வீட்டுக்கார அம்மையார் நல்லவர், முகமலர்ச்சியோடு வரவேற்கிறார்.

“வாங்க தம்பி, உட்காருங்க. எந்த ஊரு?”

“ஆம்பூருங்கம்மா.”

“அடடே, பிரியாணி ஊராச்சே! போன ஞாயித்துக்கிழமைகூட எங்க பையன் வாங்கிட்டு வந்தான். பேரு என்ன தம்பி?”

அவர் பெயரைச் சொல்கிறார். அம்மையார் சற்றே மேசை விரிப்பைச் சரிசெய்கிறார்.

“எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி. இன்னும் ரெண்டு பேர் பார்த்துட்டுப் போயிருக்காங்க.”

தொலைபேசி அழைப்பு வருவதில்லை. பலகை மட்டும் மறுவாரமும் அங்கேயே தொங்குகிறது. ஆம்பூர்ப் பிரியாணி சென்னையின் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். அதைச் சமைக்கத் தெரிந்தவருக்குச் சமையலறை கிடைப்பதில்லை. ஆம்பூரில் தைத்த காலணி அவ்வீட்டு வாயில்வரை வரலாம். தைத்தவளின் மகன் வாயிலோடு நிற்க வேண்டும்.

பேரணாம்பட்டு இளைஞரின் பெயர் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே அவரிடம் வினா வளைந்து வருகிறது. “சைவமா, அசைவமா?” “எப்பவாவது ஞாயித்துக்கிழமைதாங்க.” “அது பரவாயில்ல தம்பி. ஊர்ல எந்தத் தெரு?” அவர் தயங்கும் அந்த நொடியே விடையாகிவிடுகிறது. உணவைப் பற்றிய வினா உணவுக்காகவே கேட்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. எல்லா ஊரும் தன் ஊர் என்று பாடிய கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டைச் சட்டமிட்டு மாட்டிய கூடத்திலிருந்தே ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்னும் வினாக்கள் புறப்படுகின்றன.

வீட்டுக்காரர் பக்கம்

நடுநிலையோடு பேசுவோர் மறுபக்கத்தையும் கேட்டல் வேண்டும். வீட்டை வாடகைக்கு விடுவோர் யாவரும் செல்வர் அல்லர். கணவர் மறைந்தபின் மாடிப் பகுதியின் வாடகையில் உலை வைக்கும் மூதாட்டியர் உளர். குடிவந்தவர் காலிசெய்ய மறுப்பாரோ, நீதிமன்றத்துக்கு அலைய நேருமோ என்னும் அச்சம் அவர்களுக்கு உண்மையிலேயே இருந்தது. 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப்பின் வந்தது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை ஏறாமலும் குடித்தனக்காரர் எளிதில் வெளியேற்றப்படாமலும் காத்தது அது. அக்காவலின் மறுபுறத்தில், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அந்நீட்சி வீட்டுக்காரர்க்கு ஒரு பாடம் கற்பித்தது: ‘தெரிந்தவருக்கு விடு, நம்மவருக்கு விடு.’ அச்சம் இவ்வாறு சாதியின் கையைப் பற்றிக்கொண்டது. சாதிக்கும் சமயத்துக்கும் அது ஒரு நல்ல சாக்காகவும் அமைந்தது.

2017ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தமிழ்நாட்டுச் சட்டம் அவ்வச்சத்தைக் குறைக்க முயல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. குடிநீர், மின்சாரம் முதலிய இன்றியமையா வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தலாகாது. முன்னர்க் கூறிய கணக்கில் மூன்று மாத முன்பணமே கேட்கப்படுமாயின் 1,44,000 என்பது 60,000 ஆகும். மிஞ்சும் 84,000 ரூபாயில் தாயின் வளையல் கையிலேயே தங்கும். ஆயினும் ‘வேறு உடன்பாடு’ என்ற இடைவெளி வழியே பழைய வழக்கம் புகுந்துவிடுகிறது.

இச்சட்டம் வாடகையைப் பற்றிப் பேசுகிறது. காலிசெய்வதைப் பற்றிப் பேசுகிறது. பெயரைக் கேட்டதும் மறுக்கும் வாயைப் பற்றிப் பேசவில்லை. அரசமைப்பின் 15(2) பிரிவு, கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் சாதி சமயம் காட்டித் தடுத்தலை விலக்குகிறது. ஓரிரவு தங்கும் துச்சிலுக்கு அரசமைப்பின் காவல் வெளிப்படையாக உண்டு. ஓராண்டு தங்கும் துச்சிலுக்கு அவ்வாறு சொல்லப்படவில்லை. தீண்டாமை காரணமாக ஒருவரை ஓரிடத்தில் குடியிருக்கவிடாது தடுத்தல் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆயினும் காரணத்தை யார் வாய்விட்டுச் சொல்கிறார்? ‘வீடு முடிந்துவிட்டது’ என்ற இரு சொற்களுக்கு முன் எச்சான்றும் நிற்பதில்லை. குஜராத்தில் பார்சியர் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று தம்மவருக்கே உறுப்புரிமை என்று வகுத்த விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் கையொப்பமாயிற்று. நிறம், சமயம் காட்டி வீடு மறுத்தலை அது தடைசெய்தது. வீட்டுக்காரர் தாமும் குடியிருக்கும், நான்கு குடித்தனத்துக்கு மேற்படாத கட்டடத்துக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஆயினும் அவரும் இன்னாருக்கு மட்டும் என்று விளம்பரம் செய்தல் கூடாது என்றது. மனத்தைச் சட்டத்தால் மாற்ற இயலாது. பலகையையேனும் மாற்றலாம் என்பது அதன் கருத்துப் போலும்.

எழுத்தில் வாடகை வீடு

தமிழ் எழுத்தாளர்க்கு வாடகை வீடு அயலானதன்று. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரின் வீட்டுக்காரர் ஒருவர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்னும் பட்டப்பெயரால் வரலாற்றில் நிலைத்துவிட்டார். வாடகை கேட்க வருவார், பாரதியார் பாடிக்கொண்டிருப்பார், இருந்து கேட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே போய்விடுவார் என்று பாரதியாரோடு பழகியோர் எழுதியுள்ளனர். அவரும் மாதரியின் மரபினரே. கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் அவர் பெயரை நன்றியோடு நினைத்தல் தகும்.

வேலூர் மண்ணின் மைந்தரான மு.வ., 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலில் வாலாசாப்பேட்டைப் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார். நகரம் ஒருவனை ஆக்குவதையும் ஒருவனை அழிப்பதையும் காட்டினார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) குடித்தனக்காரப் பெண்களின் வாழ்வை ஒரு குடம் நீரைச் சுற்றி நிறுத்திக்காட்டியது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) திரைப்படத்தில், குடியிருக்கும் வீட்டைக் காலிசெய்ய நேர்ந்த, பணிக்குச் செல்லும் பெண் ஒருத்தி சொந்த வீடு கட்டப் படும் பாடு கதையாயிற்று. தண்ணீர் இல்லை, பணம் இல்லை என்னும் துன்பங்கள் இவ்வாறு எழுத்திலும் திரையிலும் ஏறிவிட்டன. பெயரைக் கேட்டபின் விழும் அந்த மௌனம் நம் பகுதிக் கவிதைகளில் இன்னும் போதிய அளவு ஏறவில்லை.

இவ்வட்டத்தின் கவிஞர்கள் பாலாற்று மணலைப் பாடியிருக்கின்றனர். தோல் தொட்டியில் நின்ற கால்களைப் பாடியிருக்கின்றனர். மேசை விரிப்பைச் சரிசெய்த அந்தக் கையையும் பாட வேண்டும். அக்கை கொடியவரின் கையன்று. நாள்தோறும் நமக்குக் காப்பி தரும் அன்பான கை. ஆதலால்தான் அதைப் பாடுவது கடினம்.

நம் வாயில்

நகரத்தைக் குறைகூறி உரையை முடித்தல் எளிது, அது நேர்மையாகாது. நம் ஊர்களிலும் தெருக்கள் பிரிந்தே கிடக்கின்றன. ஆம்பூரிலும் வேலூரிலும் எத்தெருவில் எவர்க்கு வீடு கிடைக்கும் என்பது தரகர்க்கு மனப்பாடம். நோயாளிக்கு அறை தரும் அதே கை, ஊரிலேயே பிறந்த ஒருவருக்குத் தன் மாடிப் பகுதியைத் தரத் தயங்குவதும் உண்டு. தொழிலுக்காக வடமாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்களை ஓரறையில் பலராக அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை பெறுவதும் உண்டு. சென்னையின் வாயிலில் நம் பிள்ளைகள் கேட்கும் வினாவை, நம் வாயிலில் நாமே பிறர் பிள்ளைகளிடம் கேட்கிறோம்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்துக்கும் சொந்தக் கட்டடம் இல்லை. கூடிய இடமெல்லாம் துச்சிலே. எவரோ ஒருவர் திறந்துவிட்ட கூடத்தில்தான் இங்குள்ள கவிதைகள் யாவும் முதன்முதலில் ஒலித்தன. ஒதுங்க இடம் பெற்ற நன்றியை வேறெவ்வகையில் திருப்பித் தருவது? உறுப்பினருள் வாடகைக்கு விடும் பகுதி உடையோர் பலர் இருப்பர். அடுத்த முறை பலகை தொங்கவிடும்போது ஒன்றை மட்டும் செய்தால் போதும். வாடகை கேளுங்கள், முன்பணம் கேளுங்கள், பணிபுரியும் இடம் கேளுங்கள், ஒப்பந்தம் எழுதிப் பதிவுசெய்யுங்கள். அவை உங்கள் உரிமை. பெயர் கேட்டபின் வரும் அடுத்த வினாவை மட்டும் கேளாது விடுங்கள். என்ன உண்பீர்கள் என்று கேட்டே ஆகவேண்டுமெனில், மாதரி அறிந்துகொண்ட நோக்கத்தில் கேளுங்கள்.

வள்ளுவர் வினவிய புக்கில் உயிர்க்கு எப்போது வாய்க்கும் என்பது மெய்யியலாரின் வினா. ஆம்பூரிலிருந்து மூன்று பெட்டியும் ஒரு அடுப்புமாகச் சென்னைக்கு வந்திறங்கும் இளம் இணையர்க்கு அவ்வளவு பெரிய விடை வேண்டுவதில்லை. அவர்களுக்கு வேண்டுவது ஒரு துச்சில். பெயரைச் சொன்ன பின்னும் திறந்திருக்கும் ஒரு கதவு.